கூடைக்கடியில் ஒரு காலடி

ஒன்பது உருப்படி போயிருந்தது.
நாலு காளை, மூன்று கறவை, ஒரு கன்று,
கணக்குப்பிள்ளையின் ஓலையில் மட்டும்
மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று.

விடியுமுன் தடம் பிடித்தேன்.
நகரி மூக்கின் நுனியில் வெளிச்சம் விழும் நேரம்
வரகுக்கொல்லை தாண்டி, எல்லைக்கல்லுக்குக் கிட்ட,
ஓடை மணலில் கிடைத்தது:
வலது கால். சுண்டுவிரல் இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுகிறவன்போல்
கொஞ்சம் நேரம் கடத்தினேன்.
பிறகு கூடையைக் கவிழ்த்தேன்,
நாய் மிதிக்காமல், காற்று கலைக்காமல்,
ஈட்டியோடு வந்த எட்டுப் பேரும்
குனிந்து பார்க்காமல்.

காவலுக்குச் சட்டம் ஒன்றுதான்.
தடம் எந்த ஊருக்குள் நுழைகிறதோ
அந்த ஊர்க் காவல்காரன் அதை ஏற்க வேண்டும்.
ஏற்றவன் தன் கடைசி வரப்புவரை நடந்து
அடுத்தவன் கையில் ஒப்படைக்க வேண்டும்.
எங்கே தடம் சாகிறதோ
அந்த ஊர் மாட்டுக்கு விலை கட்டும்.

இந்தப் பக்கம் ஒரு பாளையம்.
அந்தப் பக்கம் ஒரு பாளையம்.
நடுவில் யாருக்கும் வரி கட்டாத ஈச்சங்காடு.
பகலில் இரண்டு ஊர் மாடும் அங்கே மேயலாம்.
ராத்திரி எவனாவது அடுப்பு மூட்டினால்
இரண்டு ஊரும் சேர்ந்தே குடிசையைக் கொளுத்தும்.
அந்த ஒரு காரியத்தில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

ஓபுலுவுக்கு ஆள் அனுப்பினேன்.
அக்கரைக் காவல் அவன்.
பதினெட்டு வருஷமாக நாங்கள்
காலடிகளைக் கைமாற்றி வருகிறோம்,
புகையிலையையும்.
அவன் சுண்டுவிரலை நல்ல பாம்பு தீண்டியபோது
வெட்டி எடுத்த அரிவாள் என்னுடையது.

வந்தான். கூடையைத் தூக்கினான்.
பார்த்தான்.
வலது காலை மெல்ல
மணலுக்குள் நுழைத்துக்கொண்டான்.
"நீதி" என்றான்.

நியாயம் பேசுகிறான் என்று
ஈட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள்.
அவன் பேசியது தெலுங்கு.
அங்கே அதற்கு 'உன்னுடையது' என்று பொருள்.

தடம் உன் மண்ணில் கிடக்கிறது,
கல்லுக்கு இரண்டு முழம் இப்பால், என்கிறானா?
என் தலை இனி உன்னுடையது என்கிறானா?
எட்டு ஈட்டிகளுக்கு முன்னால்
எப்படிக் கேட்பது.

"நாதி" என்றேன், அவன் பாஷையில்.
என்னுடையது.
என் பாஷையிலும் அந்தச் சொல் உண்டு.
இல்லை என்று சொல்லும்போது மட்டும்
எங்கள் வாயில் வரும்.

தடம் என் எல்லையிலேயே செத்தது என்று
ஓலையில் எழுதினார்கள்.
காவல் மானியத்தில் பாதி போயிற்று.
குப்பாயி மூன்று மாதம்
கூழை மட்டும் வைத்தாள், பேச்சை வைக்கவில்லை.
ஏழாம் நாள் ஒரு கறவை தானாகத் திரும்பி வந்தது.
கழுத்தில் புதுக் கயிறு.
துப்புக்கூலியில் இரண்டு பாளையக்காரருக்கும்
பங்கு என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.
என் எசமானுக்குப் பெரிய பங்காம்.

மறு வருஷம் கும்பினித் துரை சங்கிலியோடு வந்தான்.
ஈச்சங்காட்டை அளந்து நடுவில் கோடு போட்டான்.
காவல் வரி இனி இல்லை, கச்சேரி உண்டு,
தடத்துக்குச் சாட்சியம் செல்லாது என்று
துபாஷி இரண்டு பாஷையிலும் படித்தான்.
இரண்டிலும் ஒரே மாதிரி கேட்டது.

கல்லைக் காட்ட எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள்.
ஓபுலு அன்றுதான் முதன்முதலாகச்
செருப்புப் போட்டு வந்திருந்தான்.
நடக்கத் தெரியாமல் இரண்டு தரம் இடறினான்.
நான் கையை நீட்டினேன்.
அவன் அதைப் பிடிக்கவுமில்லை,
என்னைத் தாண்டிப் போகவுமில்லை.